ஒன்பதுக்குப் பத்து அடி வானம்

தனசேகரன் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டாவது காயில் கத்தியை வைத்த சமயம், அவர் மனைவி விஜயகுமாரி அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"தம்பி போன் பண்ணான். மழைக்கு முன்னாடி வந்துடறேன்னான்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளைக்கா? இனிமே இங்கதாங்க. பொண்டாட்டி போயி ரெண்டு வருஷமாச்சு. கியாக்தான்ல தனியா கஞ்சி காய்ச்சிக் குடிச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்? நம்ம நடு ரூம் சும்மாதானே கிடக்கு."

கத்தி நின்றது. நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா என்பது மறந்துபோனது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதருக்கு எண்ணிக்கை தவறுவது சாதாரண விஷயமல்ல.

மைத்துனர் தங்கவேலு கெட்டவரா என்றால், இல்லை. குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. பேச்சுதான் உண்டு. விடிந்து திறந்த வாயைப் படுக்கும்போதுதான் மூடுவார். அந்தப் பேச்சில் ஓர் எண்ணாவது சரியாக இருக்குமா? இருக்காது. எல்லாமே 'சுமார்'. சுமாராக எட்டு மணி, சுமாராகப் பத்து மைல். "எங்கப்பாவுக்கு நாங்க சுமாரா அஞ்சு பிள்ளைங்க" என்று ஒருமுறை சொன்னார். கூடப் பிறந்தவர்களையே சுமாராக எண்ணுகிற மனிதர். போன தீபாவளிக்குச் 'சுமாரா ரெண்டு மூணு நாள்' என்று வந்தார். இருபத்து மூன்று நாள் இருந்தார்.

தனசேகரன் இந்த உலகத்திடம் அதிகமாக எதையும் கேட்டதில்லை. மதியம் இரண்டு மணி முதல் மூன்றரை வரை அவருக்கு யாரும் பேசாத வீடு வேண்டும். விஜயகுமாரி உறங்குவாள். அவர் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்காகவே மற்ற ஆயிரத்து முந்நூற்றைம்பது நிமிடத்தையும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். போன தீபாவளியில் அந்த நிமிடங்களும் தங்கவேலுவுக்குப் போயின. நாற்காலியும் போனது.

நேரடியாக 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் கூச்ச சுபாவம். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அந்தச் சொல்லை மூன்றே முறை சொல்லியிருக்கிறார். மூன்றும் பல் டாக்டரிடம்.

"என்னங்க, பேச்சைக் காணோம்?" என்றாள் விஜயகுமாரி.

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எண்ணுங்க. எண்ணிட்டு முத்து முகம்மது பாய் கடைக்குப் போயி தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வாங்க. தீர்ந்துபோச்சு."

தனசேகரனுக்கு முதல் குழப்பம் அங்கேதான் வந்தது. அன்று காலை தலையில் தடவும்போது குப்பியில் முக்கால் இருந்தது. அவர் கண்ணால் பார்த்த முக்கால். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில் அவர் வீடு இருந்த சந்தில் முத்து முகம்மதுவின் மளிகைக்கடை ஏழாவது. கல்லாவுக்குப் பின்னால் பாயும், பாய்க்குப் பின்னால் அவர் மனைவி சுல்தான் பீவியும் இருந்தார்கள். பீவி போனைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்காகவே காத்திருந்ததுபோல நிமிர்ந்தாள்.

"வாங்கண்ணே. இதைப் பாத்துட்டுப் போங்க. என் தங்கச்சி மகன் தவ்ஹீத், கேரளாவுல வீடு கட்டற கம்பெனியில இருக்கானில்ல, படம் அனுப்பியிருக்கான்."

தனசேகரன் பார்த்தார். ஓடு வேய்ந்த வீடு. தெருப் பக்கம் தாழ்ந்து சரிந்த கூரை. உள்ளே போனால் நாலு பக்கமும் அறைகள், நடுவில் கூரையே இல்லை. மேலே வானம். கீழே கல் பதித்த முற்றம். நாலு மூலையில் நாலு தூண். முற்றத்தைப் பார்த்தபடி, சரிந்த சட்டங்களால் முதுகு வைத்த நீண்ட மரப் பலகை. வெண்கலத் தூக்கு விளக்கு ஒன்று தொங்கியது. நாலு சரிவிலிருந்தும் மழை உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள மழை பெய்யுதே! ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?" என்றார் பாய்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பீவி. "மலையாளத்துப் பழைய வீடு. நாலுகெட்டுன்னு பேரு. இப்ப வசதியானவங்க புது வீட்டுலயும் இப்படித்தான் கேட்டுக் கட்டறாங்களாம். நடுவுல இருக்கே, அது நடுமுற்றம்."

"அப்ப நடுவுல ரூம் கிடையாதா?" என்றார் தனசேகரன்.

"ரூம் எப்படிண்ணே இருக்கும்? அதான் முற்றமாச்சே."

தனசேகரன் எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நூற்றுப் பதினெட்டுக் காலடி. நூற்றுப் பதினெட்டிலும் ஒரே நினைவு. நடுவில் அறை கிடையாது. அறை கிடையாது என்றால் மைத்துனர் கிடையாது.

அவருடைய வீடு மரச்சட்டத்தில் நிற்கிற பழைய தகரக் கூரை வீடு. சட்டங்களுக்கு நடுவே செங்கல்லை நிரப்பிச் சுவராக்கியிருந்தார்கள். முன்னால் கூடம். தெற்கே படுக்கையறை. வடக்கே நடையும் சாமி அலமாரியும். பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் குளியலறை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத, ஒரு கதவு மட்டும் உள்ள அந்த அறை. ஒன்பதுக்குப் பத்து அடி. 'அதுக்கு ஒரு வெளிச்சம் வைங்க' என்று விஜயகுமாரி இருபத்தாறு வருஷமாகக் கேட்டு வந்தாள். நாலு மணி நேரம் மின்சாரம் வந்து நாலு மணி நேரம் போகிற இந்தக் காலத்தில், மூன்று வேளையும் கேட்டாள்.

பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தனசேகரன் பதினொரு காரணம் எழுதினார். காற்று, வெளிச்சம், துளசிமாடம், உடம்புக்கு நல்லது, இப்படி. மைத்துனர் பேர் எந்தக் காரணத்திலும் வராதபடி இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"நடு ரூமை எடுத்துடலாம்னு பாக்கறேன்."

"எடுத்துட்டு?"

"வானம்."

"சரிங்க."

தனசேகரன் கையில் தாளோடு நின்றார்.

"இல்ல, காரணம் என்னன்னா..."

"காரணம் எதுக்குங்க? நீங்க சொன்னா சரி."

"கூரையைப் பிரிக்கணும்."

"பிரிங்க."

"அப்பறம்... உன் தம்பி?"

"முற்றத்துல எப்படிங்க ஆள் தங்கறது? பாத்துக்கலாம், விடுங்க. கொஞ்சம் நகருங்க, ரசம் பொங்குது."

நாற்பது வருஷத்தில் விஜயகுமாரி முதல் தடவையிலேயே 'சரி' என்றது இது முதல் தடவை. ஜெயித்த மனிதர் சந்தோஷப்பட வேண்டும். தனசேகரன் திரும்பிப் போய்ப் பதினொரு காரணத்தையும் தனக்குத்தானே ஒருமுறை படித்துக்கொண்டார். வீணாகப் போகக்கூடாதே.

மறுநாள் சுல்தான் பீவி வந்திருந்தபோது விஜயகுமாரி பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"ஏங்க, சுவர் இருக்கட்டுமில்ல?"

"சுவர் இருந்தா அது கிணறு" என்றார் தனசேகரன். "நாலு சுவரும் போகணும். நாலு தூண் மட்டும்."

"படுக்கையறைப் பக்கத்துச் சுவருமா?"

"அதுவும்தான். திரை கட்டிக்கலாம்." சுவர் ஒன்று மிஞ்சினாலும் தங்கவேலு அதில் சாய்ந்துகொள்வார் என்பது அவர் பயம்.

"கதவு?"

"முற்றத்துக்கு ஏது கதவு? எந்த நாலுகெட்டுலயாவது முற்றத்துக்குக் கதவு இருக்கா? கேட்டுப் பாரு."

"அக்கா, கேட்டுக்கிட்டீங்களா? முற்றத்துக்குக் கதவே கிடையாதாம்" என்றாள் விஜயகுமாரி.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் பீவி.

இதை எதற்காக இவள் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தனசேகரனுக்குப் புரியவில்லை.

தவ்ஹீத் கேரளாவிலிருந்து போனில் குரல் பதிவு அனுப்பினான். அந்த ஊரில் எந்த அறையையும் வாய்க்கு வந்த அளவில் கட்ட மாட்டார்களாம். அதற்குக் கோல் என்று ஓர் அளவு. இரண்டடி நாலேகால் அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல். சுற்றளவைக் கோலால் அளந்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். மீதி ஒற்றைப்படையில் வந்தால் நல்லது. ஒன்று கொடி, மூன்று சிங்கம், ஐந்து காளை, ஏழு யானை. இரட்டைப்படையில் வந்தால் புகை, நாய், கழுதை, காக்கை.

இவ்வளவு அழகான ஏற்பாடு உலகத்தில் இருந்தது தனக்கு அறுபத்தெட்டு வயது வரை தெரியாமல் போயிற்றே என்று தனசேகரன் வருந்தினார். உடனே ஒரு மூங்கிலைக் கோல் அளவுக்கு நறுக்கினார். நடு அறையை மூன்று முறை அளந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். குரலில் அவரால் மறைக்க முடியாத மகிழ்ச்சி.

"விஜயா! பதினாறு கோல். மூணால பெருக்கினா நாப்பத்தெட்டு. எட்டால வகுத்தா மீதி என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எட்டாவது. எட்டாவது காக்கா."

"காக்காவா?"

"காக்காவேதான். மனுஷன் தங்கவே கூடாத அளவு. இத்தனை நாள் நாம யாரையும் இதுல படுக்க வைக்காதது நம்ம நல்ல காலம்."

"ஐயையோ! நல்லவேளை சொன்னீங்க." விஜயகுமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப ஆள் தங்கணும்னா எத்தனை கோல் வரணும்?"

"பதினேழு வந்தா அம்பத்தொண்ணு. மீதி மூணு. சிங்கம். ராஜா மாதிரி இருக்கலாம். ஆனா இது பதினேழு இல்லையே!"

"இல்லைங்களே" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் தச்சர் கோ மின் வந்தார். நல்ல வேலைக்காரர். லொஞ்சி என்கிற கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையையும் தனசேகரனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பேச்சு பர்மியப் பேச்சு; அதில் 'ஊலே' என்றால் மாமா, 'டோலே' என்றால் அத்தை.

"ஊலே, ஓட்டை எங்கே இருக்கு?"

"இன்னும் இல்ல. நீதான் போடணும்."

"மழைக்காலம் வர ஒரு மாசம்தான் இருக்கு. ஊர்ல எல்லாரும் ஓட்டையை அடைக்கக் கூப்பிடறாங்க."

"எனக்கு ஓட்டைதான் வேணும்."

கோ மின் தன் இருபது வருஷத் தொழிலை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பிறகு விஜயகுமாரியைப் பார்த்தார். "டோலே, சரிதானா?" விஜயகுமாரி தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் ஏணி உள்ளே வந்தது. தன் வீட்டுக் கூரையைப் பிரிக்கத் தன் பேச்சு போதாதா என்று தனசேகரன் சிறிது மனம் நொந்தார். ஆனால் வேலை நடந்தது.

வேலை நடக்க நடக்க விஜயகுமாரி சின்னச் சின்ன யோசனைகள் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முதலாவது, தூண்களைப் பழைய சுவர் இருந்த இடத்திலிருந்து பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் வெளியே தள்ளி நடச் சொன்னாள்.

"எதுக்கு?"

"கண்ணுக்கு நல்லா இருக்குங்க."

இரண்டாவது, தரை பள்ளமாக வேண்டாம், கூடத்தோடு சமமாக வழவழப்பான டைல் போட்டு, வாட்டம் மட்டும் கொடுத்தால் போதும்.

"முற்றம்னா பள்ளமாத்தான் இருக்கும், விஜயா."

"நான் தடுக்கி விழுவேனே. இப்பல்லாம் கேரளாவுலயே சமமாத்தான் போடறாங்களாம். தவ்ஹீத் சொன்னான்."

மூன்றாவது, குறுக்கு உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி.

"எதுக்கு?"

"தூக்கு விளக்கு மாட்ட வேணாமா?"

"நம்மகிட்ட தூக்கு விளக்கு இல்லையே."

"விளக்கு வரும்போது கொக்கிக்கு எங்க போறது?"

நாலாவது, தூணில் ஒரு பிளக். அது மழைத்தண்ணீரை இறைக்கிற மோட்டாருக்காம். ஐந்தாவதுதான் அந்தச் சாய்வுப் பலகை. சாருபடி என்று அதற்குப் பேர் என்று தவ்ஹீத் சொன்னான். விஜயகுமாரி கோ மின்னிடம் அளவு கொடுத்தாள். நீளம் ஆறேகால் அடி. அகலம் மூன்று அடி.

"மூணு அடி அகலத்துல யாராவது உக்காருவாங்களா? கால் எட்டாதே!"

"சம்மணம் போட்டு உக்காரலாங்க. நீங்க பேப்பர் படிக்க வசதியா இருக்கும்."

தனக்காகவா என்று தனசேகரன் நெகிழ்ந்துபோனார். நோட்டில் ஐந்தையும் வரிசையாக, அளவோடு, தேதியோடு எழுதினார். எல்லாவற்றையும் எண்ணினார். கூட்டிப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

கூரை திறந்த அன்று வீட்டுக்குள் வெயில் ஒரு பாயைப்போல விரிந்தது. மின்சாரம் போனதுகூடத் தெரியவில்லை. விஜயகுமாரி முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பல வருஷத்துக்குப் பிறகு எல்லாக் கல்லும் அவள் கண்ணில் பட்டன. இரண்டு மணிக்குத் தனசேகரன் சாருபடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அமைதி. ஒன்பதுக்குப் பத்து அடி வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. உலகத்தில் இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அந்த நேரத்தில் விஜயகுமாரி போனில் பேசுவது திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"இப்ப வேணாம் தம்பி. மழை வரட்டும். வந்ததும் சொல்றேன்."

மழைக்கு முன்னால் வருவதாக இருந்த மனிதரை இவள் ஏன் மழை வரட்டும் என்கிறாள்? மழை வந்தால் இன்னும் இடம் இருக்காதே. தனசேகரன் யோசித்தார். தொண்ணூறு நிமிடமும் யோசித்தார். இடம் இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லித் தட்டிக் கழிக்கிறாள் என்று கடைசியில் முடிவு செய்து, மனைவியைப் பற்றிப் பெருமைப்பட்டார்.

மே மாதம் இருபத்தோராம் தேதி, மதியம் இரண்டு பத்துக்கு மழை வந்தது.

தண்ணீர் வெளியேறும் வழியைத் தனசேகரனே நின்று அமைத்திருந்தார். அதில் குறை சொல்ல முடியாது. முப்பத்தொரு வருஷத் தண்ணீர் அனுபவம். மழை நேராக விழுந்து, வாட்டத்தில் ஓடி, குழாயில் இறங்கித் தெரு வாய்க்காலில் சேர வேண்டியது. எல்லாம் சரி. மழை நேராக விழவில்லை. சாய்ந்து விழுந்தது. முதல் சாய்வில் சாமி அலமாரி நனைந்தது. காற்று திரும்பிய அடுத்த சாய்வில் படுக்கையறைத் திரை நனைந்தது, திரைக்குப் பின்னால் மெத்தை நனைந்தது. மூன்றாவது சாய்வில் அரிசி மூட்டை. நாலாவதில் தனசேகரன்.

சுவர் நாலும் இருந்திருந்தால் ஒரு கிணறு மட்டும் நனைந்திருக்கும். இப்போது வீடே நனைந்தது.

விஜயகுமாரி உற்சாகமாகவே இருந்தாள். அதுதான் அவரை மிகவும் குழப்பியது. கூடத்திலிருந்து சமையலறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனாள். குடை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். குளியலறைக்குப் போகிறவர் எடுத்துக்கொள்ள வசதியாக இரண்டாவது குடை ஒன்றைத் தூணில் மாட்டினாள்.

"காப்பி ஆறிடப்போகுது, குடிங்க" என்றாள்.

"நனைஞ்சுடுச்சு."

"அப்ப அளவு கூடியிருக்கும். நல்லதுதானே."

ஒன்பது நாள். அவர் எண்ணிக்கைப்படி நூற்று அறுபத்து மூன்று வாளி. ஏழாம் நாள் சாருபடியில் ஒரு தவளை வந்து உட்கார்ந்தது. சரியாக இரண்டு மணிக்கு வாயைத் திறந்தது. மூன்றரைக்கும் மூடவில்லை. எட்டாம் நாள் அது தன் உறவுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தது.

ஒன்பதாம் நாள் தனசேகரன் இன்னொரு காலண்டர்த் தாளை எடுத்தார். ஏழு காரணம் எழுதினார். ஈரம் பட்டதில் ஆறுதான் மிஞ்சியது.

"விஜயா, மேல ஏதாவது போடலாமான்னு பாக்கறேன்."

"மேலயா? வானத்து மேலயா?"

"முற்றத்து மேல."

"ஐயோ, வேணாங்க! ஆசைப்பட்டு வெட்டின வானம். மூடினா அது முற்றமா? நாலுகெட்டு கெட்டுப் போயிடாது?"

"கெடாது. இப்ப கேரளாவுல எல்லாரும் முற்றத்துக்கு மேல கண்ணாடி போடறாங்க. வெளிச்சம் வரும், மழை வராது. நாலு பக்கமும் ஒரு சாண் விட்டுத் தூக்கிப் போட்டா காத்தும் வரும். தவ்ஹீத்தே சொன்னான்."

"எனக்கென்னவோ மனசு வரல."

"விஜயா, கெஞ்சிக் கேக்கறேன். தவளை பேசுது."

விஜயகுமாரி பெருமூச்சு விட்டாள்.

"நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால சரிங்கறேன். நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது. நீங்கதான் மூடச் சொன்னீங்க."

"நான்தான். நான்தான் சொன்னேன்."

கோ மின்னுக்குப் போன் செய்தார்கள். நாற்பது நிமிடத்தில் அவர் வந்துவிட்டார். வெளிச்சம் புகும் ஷீட் தலையிலேயே இருந்தது. அளந்து பார்த்து, எழுதிக்கொண்டு, கடைக்குப் போய், வெட்டி வர மூன்று நாளாகும் என்று தனசேகரன் கணக்குப் போட்டிருந்தார். ஷீட்டை மேலே ஏற்றினார்கள். நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

"அளவெடுக்காம எப்படி வெட்டினே?"

"எப்பவோ அளவெடுத்தாச்சு, ஊலே. தின்ஜான் முடிஞ்சு கூரையைப் பிரிச்ச அன்னைக்கே டோலே வெட்டி வைக்கச் சொல்லிட்டாங்க. மழை வந்து பத்து நாளுக்குள்ள கூப்பிடுவோம்னாங்க. ஒன்பதாம் நாள் கூப்பிட்டுட்டீங்க."

தனசேகரன் விஜயகுமாரியைத் தேடினார். அவள் தவளைகளைத் துடைப்பத்தால் மரியாதையாக வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கியாக்தான் பஸ்ஸில் தங்கவேலு வந்து இறங்கினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சுருட்டிய மெத்தை, ஒரு ரேடியோ, ஒரு மின்விசிறி.

"மச்சான்! நல்லா இருக்கீங்களா? சுமாரா ஒரு வருஷமாச்சு உங்களைப் பாத்து!"

"ஏழு மாசம்" என்றார் தனசேகரன், பலவீனமாக.

"அதான், சுமாரா." தங்கவேலு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடா! என்ன வெளிச்சம்! அக்கா சொன்னப்ப நான் நம்பல. எனக்காக மச்சான் நடுவீட்டையே உடைச்சுக் கட்டறார்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவர் மெத்தையைச் சாருபடி மேல் விரித்தார். ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. படுத்தும் பார்த்தார். தலையும் காலும் சரியாக நின்றன. "சுமாரா என் அளவுதான்" என்றார். பிறகு எழுந்து மின்விசிறியைக் கொக்கியில் மாட்டினார். ஒயரைத் தூணிலிருந்த பிளக்கில் செருகினார். மின்சாரம் இருக்கிற நேரம் அது. விசிறி சுற்றியது.

தனசேகரன் மனைவியைச் சமையலறை மூலைக்குக் கூட்டிப் போனார். மூலைக்குப் போனதில் பயனில்லை. அங்கிருந்தும் மைத்துனர் தெரிந்தார். கூடத்திலிருந்தும் தெரிவார். படுக்கையறையிலிருந்து, சாமி அலமாரியிலிருந்து, எங்கிருந்தும் தெரிவார். எங்கே போக வேண்டுமானாலும் அவரைக் கடந்துதான் போக வேண்டும்.

"விஜயா, அது காக்கா அளவு. மனுஷன் தங்கக்கூடாது. நான் சொன்னேனில்ல?"

"சொன்னீங்க. அதனாலதாங்க தூணை மூணரை மூணரை அங்குலம் தள்ளி நடச் சொன்னேன். உங்க மூங்கிலாலயே அளந்து பாத்தேன். தூணுக்குத் தூண் பதினேழு கோல். மூணால பெருக்கி எட்டால வகுத்தா மீதி மூணு. சிங்கம்." அவள் அடுப்பைத் தணித்தாள். "கணக்கு தப்பா இருந்தா சொல்லுங்க."

தனசேகரன் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். கணக்கு தப்பாக இல்லை.

"ஒரு கதவாவது..."

"கதவா?" விஜயகுமாரி நிஜமாகவே திகைத்துப்போனாள். "முற்றத்துக்கு ஏதுங்க கதவு? வேணும்னா பீவி அக்காவைக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

இரண்டு மணி ஆனது. விஜயகுமாரி திரையை இழுத்துவிட்டு நிம்மதியாக உறங்கினாள். சிங்கம் பேசியது. கியாக்தானில் சுமாராக எத்தனை பேருக்கு மூட்டுவலி என்பதிலிருந்து ஆரம்பித்தது. தனசேகரன் கூடத்துக்குப் போனார், பேச்சு கூடவே வந்தது. நடைக்குப் போனார், அங்கும் வந்தது. பழைய அறையில் மைத்துனரை வைத்திருந்தால் ஒரே ஒரு கதவைச் சாத்தினால் போதும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கதவை அவரே கழற்றி விறகுக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டில் சுவரும் கதவும் சேர்ந்து மிஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்று. தனசேகரன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அமைதி.

எதிரே பலகையில் தேங்காயெண்ணெய்க் குப்பிகள் இருந்தன. அவர் பார்த்தார். ஒன்று புதியது, முத்திரைகூட உடைக்கவில்லை. பக்கத்தில் பழையது, இப்போது கால் இருந்தது. அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்த முக்காலிலிருந்து இறங்கி வந்த கால்.

தீராத எண்ணெய். பாய் கடை. போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த பீவி. தனசேகரன் ஒவ்வொரு விரலாக மடக்கி, முதல் தடவையாகக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாவது விரல் மடங்கும்போது கதவு தட்டப்பட்டது.

"மச்சான், உள்ள இருக்கீங்களா? சுமாரா எவ்வளவு நேரமாகும்?"